கந்தப்பன் திருப்பிக் கட்டிய பெட்டி

கந்தப்பண்ணன் கட்டிய தேயிலைப் பெட்டி ஒன்றுகூடக் கொழும்பிலிருந்து திரும்பி வந்ததில்லை. எங்கள் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இருபத்திரண்டு வருஷமாக அவருக்குப் பெட்டி கட்டுகிற வேலை. தூளைப் பெட்டியில் கொட்டி மூடினால் முடிந்தது என்று நினைப்பவர்கள் ஒரு நாள் அந்த அறையில் நின்று பார்த்திருக்க வேண்டும். சும்மா அள்ளிக் கொட்டினால் பெட்டி நிறைந்துவிடும், எடை நிறையாது. லொறி கொழும்புக்கு இறங்குவதற்குள் தூள் அமுங்கி, மேலே நாலு விரல் வெறுமையாகிவிடும். கந்தப்பண்ணன் நாலு தடவையாகக் கொட்டுவார். ஒவ்வொரு தடவையும் பெட்டியை அசைப்பார், பக்கங்களில் உள்ளங்கையால் தட்டுவார், காதை வைத்துக் கேட்பார். எந்தத் தூளுக்கு எத்தனை தட்டு என்பது அவர் கைக்குத் தெரியும்.

நான் லெட்சுமி. காம்பரா என்கிற ஒற்றை அறை வீடுகள் ஒட்டி நின்ற பத்தாம் நம்பர் லயத்தின் கடைசியில் இருந்த பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள். லயத்தில் பதினோராம் வகுப்பு ஓ.எல். வரை படித்தவள் நான் ஒருத்திதான், அதனால் மனு எழுதுவதும் கடிதம் வாசிப்பதும் என் தலையில் விழும். வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள். அது உண்மை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கந்தப்பண்ணனும் காளியாயி அக்காவும் அதே லயத்தில் ஐந்தாவது காம்பராவில் இருந்தார்கள். பிள்ளை இல்லை. அதனாலோ என்னவோ, லயத்தில் எந்தப் பிள்ளை பிறந்தாலும் குளிப்பாட்டுவதற்கு அக்காதான் போக வேண்டும். வேறு யாராவது கை வைத்தால் அக்காவுக்குப் பொறுக்காது. அண்ணன் குள்ளம், ஒல்லி, காது மடலில் எப்போதும் தேயிலைத் தூள் ஒட்டியிருக்கும். ஊர் வம்புக்குப் போகாத மனிதர். ஆனால் யாராவது பெட்டியைச் சரித்துத் தூக்கினால் அந்த வாயிலிருந்து வரும் வார்த்தையைப் பிள்ளைகள் கேட்கக்கூடாது.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஐப்பசி மழையில் லயத்துக்குப் பின்னால் எழுந்து நிற்கும் மலையில் ஒரு வெடிப்பு விழுந்தது. முதலில் கை நுழையும் அகலம், மறு வருஷம் கால் நுழையும் அகலம். தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் சிவசாமி என்னைக் கொண்டு மனு எழுதுவித்தார். பதினோரு குடும்பத்தையும் மேலே இருக்கும் சமதரைக்கு மாற்றி, அங்கே லயம் கட்டித் தர வேண்டும் என்று கேட்டோம். தோட்டத்தை நடத்துகிற பெரிய தொர யோசித்து ஒரு பதில் சொன்னார். பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் வந்து மண்ணைச் சோதிக்கட்டும். ஆபத்து என்று அவர்கள் எழுதினால் இடம் தருகிறோம். ஆபத்து இல்லை என்று எழுதினால் இந்தப் பேச்சை இனி எடுக்கக்கூடாது. சிவசாமி ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

அப்படி வந்தவர்தான் ஜெயரத்தினம் ஐயா. யாழ்ப்பாணத்து மனிதர், நாற்பது வயசு இருக்கும், மூக்கில் நிற்காத கண்ணாடி. மணல், மண், தானியம் என்று குவித்து வைக்கிற பொருள்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். அவற்றுக்குள்ளே துகள்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன, அந்த அடுக்கைப் பொறுத்து அவை எவ்வளவு பாரம் தாங்கும், எப்போது சரியும் என்பதைக் கணினிக்குள் மாதிரி செய்து பார்க்கிறாராம். வந்த அன்று மலையைப் பார்க்கப் போகாமல் நேரே ஸ்டோருக்குள் போய், தரையில் குவித்திருந்த தேயிலைக் குவியல்களுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பாகைமானியை வைத்து அளந்துகொண்டிருந்தார். தொழிற்சாலையைப் பார்க்கிற டீமேக்கர் சிரித்தார். கந்தப்பண்ணன் சிரிக்கவில்லை.

“அண்ணை, இதுவும் தேயிலை, அதுவும் தேயிலை. பிறகு ஏன் இது குத்தென நிக்குது, அது சரியுது?” என்று ஐயா கேட்டாராம்.

“இது சுருண்டதுங்க. ஒண்ணோட ஒண்ணு கை கோத்துக்கும். அது தட்டைங்க ஐயா, படுத்துச்சுன்னா வழுக்கிட்டே போயிரும்” என்றாராம் அண்ணன்.

ஐயா அதை அப்படியே கொப்பியில் எழுதிக்கொண்டார். அன்று முதல் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். ஐயா வரும்போதெல்லாம் அண்ணனுக்கு ஸ்டோரில் விடுப்பு. மலைக்கு ஏறுவதும், குழி வெட்டுவதும், காளியாயி அக்காவின் ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிடுவதும் ஒன்றாகவே நடந்தது. யாழ்ப்பாணத்து அதிகாரிகள் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பதற்கே யோசிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்த எனக்கு இவர் ஒரு அதிசயம்தான். இன்றைக்கும் அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் கெட்டவர் என்று சொல்ல நாக்கு வராது.

தொண்ணூற்றெட்டுத் தை மாதம் ஐயா மலையில் குழி வெட்டி, அதன் நடுவிலிருந்து ஒரு சதுர மண் கட்டியை அலுங்காமல் செதுக்கி எடுத்தார். ஈரம் போகாமலிருக்கச் சுற்றிலும் மெழுகு பூசினார். அதற்கு அளவாகச் செய்த ஒரு பலகைப் பெட்டிக்குள் அதை இறக்கி, கொழுந்து நிறுக்கும் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்தார்கள். முப்பத்தொரு கிலோ. கொப்பியில் எழுதினார், பெட்டியிலும் சோக்கால் எழுதினார். அன்றே கொண்டுபோக முடியவில்லை. யாழ்ப்பாணத்து அடையாள அட்டையை வைத்துக்கொண்டு, மெழுகு பூசிய பெட்டியோடு சோதனைச்சாவடிகளைத் தாண்டுவது சண்டை நடந்த அந்தக் காலத்தில் நடக்கிற காரியமா? கடிதம் எடுத்துக்கொண்டு இரண்டு நாளில் வருவதாகச் சொன்னார். பெட்டியை றோட்டுக்கு இறக்கும் பொறுப்பு அண்ணனுடையது.

“இது இப்பிடியே அலுங்காமல் வந்து சேரவேணும் அண்ணை. வேற ஒண்டும் இல்லை” என்றார்.

அண்ணன் தலையாட்டினார். ஏன் என்று ஐயா சொல்லவில்லை, அண்ணன் கேட்கவும் இல்லை. தேயிலைப் பெட்டியையும் அலுங்காமல்தானே கொண்டுபோக வேண்டும். அதற்குக் காரணம் வேறு, இதற்குக் காரணம் வேறு என்று அவருக்கு எப்படித் தெரியும்? பாகைமானியால் தேயிலையை அளக்க நேரம் இருந்தவருக்கு ஒரு வார்த்தை சொல்ல நேரம் இல்லாமல் போயிற்று. தூக்குகிறவனுக்குக் காரணம் தேவையில்லை என்று படித்தவர்கள் நினைப்பது வழக்கம். அதிலே நல்லவர், கெட்டவர் என்ற பேதமெல்லாம் இல்லை.

மறுநாள் பகல், பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு நான் பூசணி விதை காயப் போட்டுக்கொண்டிருந்தேன். கந்தப்பண்ணன் முழங்காலில் ரத்தத்தோடு வாசலில் வந்து நின்றார். தலையில் சும்மாடு, கையில் பெட்டி. குறுக்குப் பாதையில் இறங்கும்போது தண்ணீர் ஓடும் கானைத் தாண்டுகிற இடத்தில் கால் வழுக்கியிருக்கிறது. பெட்டி பக்கவாட்டில் விழுந்து மூடி கழன்றுவிட்டது. உள்ளே மண் கட்டி இரண்டாகப் பிளந்து கிடந்தது.

அந்தப் பிளவை நான் கண்ணால் பார்த்தேன். கண்டபடி உடையவில்லை. சாய்வாக, ஒரே தளத்தில், புத்தகத்தை விரித்த மாதிரி வழவழவென்று பிரிந்திருந்தது. பிளந்த முகம் முழுக்க மைக்கா என்கிற காக்காப்பொன் தகடுகள் ஒரே பக்கமாகப் படுத்து மினுங்கின. அழகாக இருக்கிறதே என்றுதான் எனக்குத் தோன்றியது.

“ஐயாகிட்ட சொல்லிரலாமான்னு பாக்குறேன் லெச்சுமி” என்றார்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். “கொழும்புக்கே பொட்டி கட்டுற கை. ஒரு பொட்டி மண்ணைக் கட்டத் தெரியாதாக்கும்” என்றேன். கேலியாகத்தான் சொன்னேன். அவர் முகம் தெளிந்து சிரித்தார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

பிறகு நடந்ததை முழுக்க நானே பக்கத்தில் இருந்து பார்த்தேன். கட்டியை உதிர்த்தார். வேர்களைப் பொறுக்கி எறிந்தார். கட்டி கட்டியாக இருந்ததைப் பிள்ளைக்காம்பரா மாச்சல்லடையில் போட்டுத் தேய்த்தார். நாலு தடவையாக இட்டு, ஒவ்வொரு தடவையும் சுத்தியல் பிடியால் இடித்து, பக்கங்களைத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். தராசில் தொங்கவிட்டுப் பார்த்தபோது அரைக் கிலோ குறைந்தது. மறுபடி மலை ஏறி, அதே குழியிலிருந்து மண் கொண்டுவந்து நிரப்பினார். முப்பத்தொரு கிலோ. என்னிடம் இருந்த எட்டு மெழுகுதிரியையும் உருக்கிக் கொடுத்தேன். விளிம்பு பிசகாமல் பூசினார். அவ்வளவு நேர்த்தியான பெட்டியை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

மறுநாள் ஐயா வந்தார். பெட்டியைத் தொட்டுப் பார்த்து, அண்ணனைத் தட்டிக்கொடுத்து, அதை ஏற்றிக்கொண்டு றொசல்ல ஊர்ப் பக்கம் இறங்கிப் போனார்.

அந்த வருஷம் ஆடியில் அறிக்கை வந்தது. பெரிய தொர சிவசாமியைக் கூப்பிட்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலேயே எல்லோருக்கும் முன்னால் சொன்னார். மண் உறுதியாக இருக்கிறது, கான்களைத் துப்புரவாக வைத்திருந்தால் போதும், லயத்தை மாற்றத் தேவையில்லை. இடம் கிடைக்கவில்லையே என்று முதலில் எல்லோருக்கும் முகம் தொங்கிப் போயிற்று. கொஞ்ச நாளில் அது வேறு மாதிரித் திரும்பியது. பயம் போய்விட்டது. மழை நாளில் தூங்காமல் இருந்தவர்கள் தூங்கினார்கள். மூன்று வீட்டார் மண் அணையை வெட்டி, அதை ஒட்டியே சமைக்கக் குசினி இறக்கினார்கள். யாராவது சந்தேகப்பட்டால் சிவசாமியிடம் ஒரு பதில் இருந்தது. மண்ணைக் கொண்டுபோனது யார், நம்ம கந்தப்பன். அவன் கட்டின பெட்டி என்றைக்குப் பொய் சொல்லியிருக்கிறது?

தொண்ணூற்றொன்பது சித்திரைக்குப் பிறகு ஜெயரத்தினம் ஐயா கடைசியாக ஒரு தடவை வந்தார். வெளிநாட்டுக்குப் போகிறார், ஞாயிற்றுக்கிழமை விமானம், பயணம் சொல்லிப் போக வந்தாராம். கையில் ஒரு பெட்டி. முன் பக்கம் கண்ணாடி, அடியில் கீல், ஒரு பக்கமாகத் தூக்கிச் சாய்க்கலாம். தன்னுடைய ஆராய்ச்சி என்ன என்று அண்ணனுக்கு ஒரு நாளாவது காட்ட வேண்டும் என்று ஆசையாம். பிள்ளைக்காம்பராவில் எல்லோரும் கூடினோம்.

என்னிடம் இருந்த காய்ந்த பூசணி விதையை வாங்கினார். முதலில் விதைகளைப் படுக்கை படுக்கையாக ஒன்றின்மேல் ஒன்று பரப்பினார். மெதுவாகச் சாய்த்தார். கொஞ்சம் தூக்கியதுமே மொத்தமும் சர்ரென்று வழுக்கிக் கொட்டியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பிறகு அதே விதைகளை அள்ளி, கலந்து, பெட்டியில் போட்டு, இடித்து அமுக்கினார். சாய்த்தார். முன்பு கொட்டிய இடத்தைத் தாண்டி, இன்னும் தூக்கி, இன்னும் தூக்கியும் விதை அசையவில்லை.

“அதே விதை, அதே பெட்டி, அதே நிறை. உள்ளுக்கை படுத்திருக்கிற விதம்தான் வேற” என்றார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அண்ணனைப் பார்த்துச் சொன்னார்: “இந்த மலை மண்ணிலயும் காக்காப்பொன் இப்பிடி ஒரே பக்கமாய்ப் படுத்திருக்கும், மழைக்குச் சரியும் எண்டுதான் என்ர கணக்குச் சொன்னது. ஆனால் பெட்டியில வந்த மண் அப்பிடி இல்லை. எல்லாப் பக்கமும் திரும்பி, நல்ல இறுக்கமாய்க் கிடந்தது. ஒரு வேர்கூட இல்லை. கணக்குப் பிழைக்கலாம், மண் பிழைக்காது. அதுதான் கணக்கைத் திருத்தி எழுதிப்போட்டன்.”

கந்தப்பண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். தரையில் விதை சிதறிக் கிடந்தது. பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை போதும். அங்கேயே, அந்த நிமிஷத்திலேயே சொல்லியிருக்கலாம். அவர் வாயைத் திறந்தார், மூடினார். நானும் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் நீளுகிற என் வாய் அன்று ஒட்டிக்கொண்டது. வெட்கம், பயம், அந்த நல்ல மனிதரின் முகத்தைப் பார்த்து உங்களை ஏமாற்றினோம் என்று எப்படிச் சொல்வது என்கிற கூச்சம். காளியாயி அக்கா ஐயாவுக்குத் தேயிலைத் தூள் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். ஐயா அண்ணனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடைபெற்றார்.

இரண்டு நாள் அண்ணன் சாப்பிடவில்லை என்று அக்கா வந்து சொன்னார். மூன்றாம் நாள் திங்கட்கிழமை. ஐயா பறந்து போய்விட்டார். அன்றுதான் அண்ணன் என்னிடம் வந்து, “அந்தப் பொளந்த மொகத்துலயே எல்லாம் எழுதியிருந்துச்சு லெச்சுமி. நான் அழிச்சுட்டேன்” என்றார்.

இனி மறைப்பதில்லை என்று அன்றே முடிவெடுத்தோம். அண்ணன் நேரே ஆபீசுக்குப் போனார். பெரிய தொர சிங்களவர், பொறுமையாகத்தான் கேட்டார். தனக்குத் தெரிந்த சிங்களத்தில் அண்ணன் விழுந்தது, உதிர்த்தது, இடித்தது எல்லாவற்றையும் சொன்னார். தொர இரண்டே கேள்வி கேட்டாராம்: வேறு மண் போட்டாயா? இல்லை, அதே மண். எடை குறைந்ததா? இல்லை, அதே எடை. அப்புறம் என்ன, போய் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டார். பல்கலைக்கழகத்து அறிக்கைக்கு மேலே ஒரு பெட்டி கட்டுகிறவன் பேசுவதா? சமதரையில் புதுத் தேயிலைக் கன்றும் அதற்குள் நட்டாயிற்று. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது சும்மாவா.

நான் ஒரு கடிதம் எழுதினேன். மூன்று பக்கம். மெழுகுதிரி, மாச்சல்லடை, நான் சொன்ன கேலி உட்பட ஒன்றையும் விடாமல் எழுதி, ஜெயரத்தினம் ஐயாவின் பேருக்குப் பல்கலைக்கழக விலாசத்தில் அனுப்பினேன். வேறு விலாசம் எங்களுக்குத் தெரியாது. பதில் வரவில்லை.

மாரியம்மன் கோயில் கூட்டத்தில் அண்ணன் எழுந்து எல்லோரிடமும் சொன்னார். கூட்டத்தில் பேசி அறியாத மனிதர், வார்த்தை தடுமாறியது. அவர் பெட்டியைக் கலைத்தார் என்பதைச் சிலர் நம்பவே இல்லை. நம்பியவர்களுக்கு அதில் என்ன தப்பு என்று விளங்கவில்லை. “மண்ணு அதே மண்ணு, எடையும் அதே எடைன்னு நீயே சொல்ற. அப்புறம் எதுக்குப் பயப்படுற?” என்று சிவசாமி கேட்டார். அண்ணன் பூசணி விதையை எடுத்து விளக்கப் பார்த்தார். சிலர் சிரித்தார்கள். சரி, ஆபத்துதான் என்று வைத்துக்கொள்வோம், எங்கே போவது என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்.  பதினோரு குடும்பத்தில் ஒன்றுக்குக்கூட அந்த லயத்துக்கு வெளியே ஒரு அடி மண் சொந்தமில்லை.

அண்ணன் தன் வீட்டையாவது காலி பண்ணப் பார்த்தார். வலப்பனையில் அக்காவின் தம்பி வீடு இருந்தது, அங்கே போய் இரு என்று அக்காவிடம் சொன்னார். அக்கா கேட்கவில்லை. லயம் முழுக்க இங்கே இருக்க, நான் மட்டும் உயிரைத் தூக்கிக்கொண்டு ஓடுவதா, அப்புறம் இவர்கள் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று சண்டை போட்டார். மறு வருஷம் மறுபடி கேட்டபோது லயத்தில் பிள்ளைத்தாச்சியாக வேறு ஒருத்தி இருந்தாள், சிவசாமியின் மகள் நிலக்ஷி. தலைப்பிரசவம். அவளை விட்டுவிட்டு அக்கா எங்கே போவார்?

ஒன்றரை வருஷம் அண்ணன் அந்த மலையைக் காவல் காத்தார். ஸ்டோர் விட்டதும் மண்வெட்டியோடு ஏறி, வெடிப்புக்கு மேலே கான் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிடுவார். வெடிப்பைக் களிமண்ணால் அடைப்பார். அடுத்த மழையில் அது மறுபடி வாயைத் திறக்கும். கூப்பிட்டால் யாரும் உதவிக்குப் போகவில்லை. பெட்டிக்காரனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். நான் சில நாள் போய் மண் சுமந்தேன். ஒரு மலையை இரண்டு பேர் பிடித்து நிறுத்த முடியுமா?

இரண்டாயிரமாம் வருஷம் கார்த்திகை. மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு புதன்கிழமை காலை கொஞ்சம் வெளுத்தது. பெரட்டு முடிந்து எல்லோரும் கொழுந்தெடுக்கப் போய்விட்டார்கள். பிள்ளைக்காம்பராவில் பதினான்கு பிள்ளைகள். நிலக்ஷிக்குப் பிள்ளை பிறந்து அன்றோடு பன்னிரண்டு நாள். குளிப்பாட்டுவதற்காகக் காளியாயி அக்கா வேலைக்குப் போகாமல் நின்றார். வெந்நீருக்கு அடுப்பு மூட்டிய புகை நிலக்ஷி வீட்டுக் கூரையிலிருந்து வருவதைப் பார்த்தேன்.

பத்து மணி இருக்கும். வாசல் கானில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் கலங்கியது, பிறகு நின்றுவிட்டது. அண்ணன் சொல்லி வைத்திருந்தார், தண்ணீர் நின்றால் யோசிக்காதே என்று. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கோயில் பக்கம் ஓடினேன். ஓடிக்கொண்டே அக்காவைக் கூப்பிட்டேன். அக்கா வாசலுக்கு வந்தார். என்னைப் பார்த்தார். பிள்ளையை எடுக்க உள்ளே திரும்பினார். மலை ஒரு பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். திரும்பிப் பார்க்கும்போது நாலாவது காம்பராவிலிருந்து எட்டாவது வரை இல்லை.

மறுநாள் மத்தியானம் அக்கா, நிலக்ஷி, பிள்ளை மூன்று பேரையும் எடுத்தார்கள். பிள்ளை அக்காவின் கையில் இருந்தது. அதற்கு இன்னும் பேர்கூட வைக்கவில்லை. கந்தப்பண்ணன் அழவில்லை. மலை பிய்ந்த இடத்துக்கு ஏறிப் போய் நின்றார். நான் பின்னாலேயே போனேன். லயத்தின் அகலத்துக்கு ஒரே சாய்வான முகம், வழவழவென்று, மழைத் தண்ணீரில் காக்காப்பொன் மினுங்கிக்கொண்டிருந்தது. அவர் உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு சொன்னார்: “அன்னைக்கு ஒன் வாசல்ல பாத்தோமே, அதே மொகம்.”

சவக்காட்டில் சிவசாமி அவரை அடிக்கப் போகிறார் என்று பயந்தேன். அடித்திருந்தால் நல்லது. சிவசாமி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, “நீ சொன்ன கந்தப்பா. நாந்தான் கேக்கல” என்றார். அதைக் கேட்ட பிறகுதான் அண்ணன் வாய்விட்டு அழுதார்.

மிஞ்சியவர்களை ஸ்டோரில் கொழுந்து வாட்டும் மாடியில் கொண்டுபோய் வைத்தார்கள், தற்காலிகம் என்று சொல்லி. கோணிச் சாக்கால் மறைப்புக் கட்டிக்கொண்டோம். அந்தத் தற்காலிகம் ஆறு வருஷம் நீண்டது.

இரண்டாயிரத்து மூன்றில் அதே பல்கலைக்கழகத்திலிருந்து வேறு ஒரு அதிகாரி வந்தார். ஊர்மிளா என்று பெயர், சின்ன வயசு, அவரும் யாழ்ப்பாணம். மலையை மறுபடி சோதிக்க வேண்டுமாம். என் பெயரைக் கேட்டதும் முகம் மாறியது. ஜெயரத்தினம் ஐயாவின் பழைய கோப்புப் பெட்டிக்குள் என் கடிதம் இருந்ததாம். உறை பிரிக்காமல் இருந்ததாம். பேர் போட்டு வந்த கடிதம், ஆள் போய்விட்டார், யார் பிரிப்பது என்று அப்படியே போட்டுவிட்டார்களாம். இப்போது அவர்தான் பிரித்து வாசித்திருக்கிறார். என் கையைப் பிடித்துக்கொண்டார். 

மண் கட்டியை அவர் செதுக்கி எடுத்தபோது, நான் தூக்குகிறேன் என்று கந்தப்பண்ணன் முன்னால் வந்தார். அந்தப் பிள்ளை ஒரு நிமிஷம் தயங்கியது. பிறகு சரி என்றது. அண்ணன் குறுக்குப் பாதையால் இறங்கவில்லை. வண்டிப் பாதை சுற்றி நாலு மைல். தலையில் வைக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அடி அடியாக வைத்து நடந்தார். றோட்டில் வேன் நின்றது. பெட்டியைக் கீழே வைக்க விடாமல், மடியில் வைத்துக்கொண்டு கூடவே ஏறிப் போனார். பல்கலைக்கழக வாசல்வரை மடியிலிருந்து இறக்கவில்லை என்று ஊர்மிளா பிறகு எழுதியிருந்தார்.

ஏழு மாதம் கழித்து அறிக்கை வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். மாடியில் சாக்கு மறைப்புக்குள், அண்ணன் சுவரில் சாய்ந்திருக்க, நான் வாசித்தேன். மண்ணில் காக்காப்பொன் தகடுகள் சரிவின் திசையிலேயே படுத்திருக்கின்றன. மழையில் நனைந்தால் அந்தத் தளத்தில் வழுக்கும். ஆகவே கீழேயுள்ள பத்தாம் நம்பர் லயத்தில் வசிக்கும் பதினோரு குடும்பங்களையும் தாமதமின்றி அப்புறப்படுத்த வேண்டும்.

பழைய மனுவில் நான் எழுதிய விவரத்தை யாரோ அப்படியே பார்த்து எழுதியிருக்கிறார்கள். அங்கே இப்போது ஒருவரும் குடியில்லை என்பதைத் திருத்த ஒருவருக்கும் தோன்றவில்லை. அண்ணன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.  பிறகு கேட்டார்.

“அப்ப, இந்தத் தடவ பொட்டி கலையாமப் போய்ச் சேந்துருச்சா லெச்சுமி?”

சேர்ந்துவிட்டது அண்ணே என்றேன்.